82 சதவீதம் எங்கிருந்து வந்தது? கர்ப்ப காலத் தடுப்பூசி பற்றி ஒரு எளிய விளக்கம்

சித்தி மகள் போன் செய்தபோது ராத்திரி பத்து மணி தாண்டிவிட்டது. அவளுக்கு நான்காவது மாதம் நடக்கிறது. மறுநாள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப், ஊசியும் போட்டுவிடலாம் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார். "அக்கா, ஒரு படம் அனுப்பியிருக்கேன், பாத்துட்டு நிஜமான்னு சொல்லு, எனக்குத் தூக்கமே வரல" என்றாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட படம் அது. தடுப்பூசி போட்டுக்கொண்ட கர்ப்பிணிகளில் 82 சதவீதம் பேருக்குக் கரு கலைந்துவிட்டது, அமெரிக்க ஆய்வு சொல்கிறது என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. எந்தத் தடுப்பூசி, எந்த வருஷம், எத்தனை பேரைப் பார்த்துச் சொன்னது, ஒன்றும் இல்லை.

இந்த 82ஐ எனக்கு 2021லிருந்தே தெரியும். அப்போது கோவிட் ஊசியைப் பற்றிச் சுற்றிக்கொண்டிருந்தது, இப்போது ஊசியின் பெயர் உதிர்ந்து எண் மட்டும் மிஞ்சி, டெட்டனஸ் ஊசிக்காகக் காத்திருக்கிற ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. நான் டாக்டர் இல்லை, பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். ஆனால் இந்த எண் பிறந்ததே ஒரு பின்னக் கணக்கில்தான், அதனால் எனக்கு இதில் பேச இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அன்று அவளிடம் ஒரு மணி நேரம் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 82.

2020 டிசம்பரில் அமெரிக்காவில் கோவிட் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். முதல் வரிசையில் நின்றவர்கள் மருத்துவமனை ஊழியர்கள், அவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், அதாவது சிடிசி, ஊசி போட்ட பிறகு என்ன ஆனது என்று செல்போன் வழியாகக் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்தது. டிசம்பர் 14 முதல் பிப்ரவரி 28 வரை, மொத்தம் பதினோரு வாரம். கர்ப்பிணிகளுக்கான பதிவேட்டில் 3,958 பேர் சேர்ந்திருந்தார்கள். கணக்கை முடித்த நாளில் அவர்களில் 827 பேருக்குத்தான் கர்ப்பம் முடிந்திருந்தது. முடிந்தது என்றால் பிரசவம் ஆகியிருக்க வேண்டும், அல்லது கரு கலைந்திருக்க வேண்டும், இரண்டில் ஒன்று. 20 வாரத்துக்கு முன் கலைந்தவை 104. 2021 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த கட்டுரை 104ஐ 827ஆல் வகுத்து 12.6 சதவீதம் என்று போட்டது. வழக்கமாக நடப்பது இவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை என்பது அதன் தொனி.

இதைப் படித்த சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். அந்த 827 பேரில் 700 பேர் ஊசி போட்டுக்கொண்டதே கடைசி மூன்று மாதத்தில். ஏழு மாதம் தாண்டியவருக்கு 20 வாரத்துக்கு முன் கரு கலைய வழியே இல்லை, அவர்களை ஏன் கணக்கில் சேர்த்தீர்கள்? நியாயமான கேள்வி, கட்டுரை அங்கே சறுக்கியிருந்தது. ஆனால் கேட்டவர்களில் சிலர் அடுத்து ஒரு காரியம் செய்தார்கள். 827லிருந்து 700ஐக் கழித்தார்கள், 127 வந்தது. 104ஐ 127ஆல் வகுத்தார்கள், 82 சதவீதம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாருங்கள், ஏனென்றால் முழுச் சண்டையும் இந்த ஒரு வகுத்தலில் இருக்கிறது.

எங்கள் ஆத்தா கோழிக்கு அடை வைப்பதை நான் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கூடையில் வைக்கோல் போட்டு பதினைந்து முட்டை வைத்தால் குஞ்சு பொரிக்க இருபத்தோரு நாள் ஆகும். நடுவில் ஒரு நாள் ராத்திரி ஒவ்வொரு முட்டையாக எடுத்து டார்ச் வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார், உள்ளே கரு பிடிக்காதவை கூமுட்டை, அதை எடுத்துத் தனியே வைத்துவிடுவார். பத்தாம் நாள் இரண்டு கூமுட்டை வெளியே இருக்கிறது என்று வையுங்கள். அன்றைக்கு ஒருவர் வந்து, முடிவு தெரிந்த முட்டைகளை மட்டும் எண்ணுவேன் என்று சொன்னால் என்ன ஆகும்? முடிவு தெரிந்தது இரண்டு, இரண்டும் கூமுட்டை, ஆகவே நூற்றுக்கு நூறும் கெட்டுப்போய்விட்டது என்று எழுதிக்கொண்டு போவார். மற்ற பதின்மூன்று முட்டையும் கோழியின் இறக்கைக்கு அடியில் சூடாக இருக்கிறது. பத்தாம் நாளில் குஞ்சு வெளியே வரவே முடியாது, அதனால் அந்த நாளில் தெரியக்கூடிய ஒரே முடிவு கூமுட்டைதான்.

அமெரிக்கக் கணக்கிலும் இதுவே நடந்தது. ஜனவரியில் இரண்டாவது மாதத்தில் ஊசி போட்ட ஒரு பெண்ணுக்குப் பிப்ரவரி முடியும்போது நான்காவது மாதம் போல இருக்கும். அவளுக்குப் பிரசவம் ஆக இன்னும் ஐந்து மாதம் கிடக்கிறது. அந்தப் பதினோரு வாரத்துக்குள் அவள் கர்ப்பம் 'முடிய' வேண்டுமானால் அது கலைந்தால்தான் உண்டு. பதிவேட்டில் முதல் மூன்று மாதத்துக்குள் ஊசி போட்டவர்கள் மட்டுமே 1,132 பேர், அடுத்த மூன்று மாதத்தில் போட்டவர்கள் 1,714 பேர். இவர்களில் பெரும்பாலானவர்கள் அன்றைக்கு வயிற்றில் பிள்ளையோடு நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். 127 என்ற எண்ணில் அப்படி நடமாடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் இல்லை.

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். 104 என்ற தொகுதியில் யாரும் பொய் சொல்லவில்லை. பகுதியில்தான் இரண்டு தரப்பும் தப்பு செய்தது. 827 என்று போட்டது ஆபத்தைக் குறைத்துக் காட்டியது, 127 என்று போட்டது அதைப் பல மடங்கு ஊதிக் காட்டியது. இதழ் செப்டம்பரில் தன் பிழையைத் திருத்தி அந்தச் சதவீதத்தையே எடுத்துவிட்டது. சரி, அப்படியானால் உண்மையான பகுதி எது? 20 வாரத்துக்கு முன் ஊசி போட்ட எல்லோரையும் எடுத்துக்கொண்டு அவர்கள் 20 வாரத்தைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும், வேறு குறுக்கு வழி கிடையாது. அப்படிக் காத்திருந்து பார்த்தார்கள். 2,456 பேர். கலையும் வாய்ப்பு 14.1 சதவீதம் என்று வந்தது, வயது வித்தியாசத்தைச் சரிசெய்தால் 12.8. ஊசி என்ற பேச்சே இல்லாத காலத்தில் இதே போன்ற பெண்களிடம் பார்த்த எண்ணிக்கை 11 முதல் 16 சதவீதம். அதற்குள்ளேயே நிற்கிறது. ஆனால் இந்த 12.8க்கு யாரும் சிவப்பு எழுத்தில் படம் போடவில்லை.

இதற்கு முன்னால் நின்று யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, நம் வீடுகளில் அது பேசப்படுவதே இல்லை. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை எந்த ஊசியும் போடாமலேயே கலைகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் சரியாக அமையாததால். அந்தப் பெண் மாடி ஏறியதாலோ பப்பாளி தின்றதாலோ அல்ல. இழந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை, சுற்றியிருப்பவர்கள் கேட்பதும் இல்லை, அதனால் இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. இந்த நிலையில் ஒரு லட்சம் கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டால், ஊசியில் வெறும் தண்ணீரை அடைத்துப் போட்டாலும்கூட, அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதற்குப் பிறகு கரு கலையும். சிலருக்கு அடுத்த நாளே கலையும். அந்தப் பெண்ணிடம் போய் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவளுக்கு நடந்தது நிஜம், அவள் துக்கம் நிஜம், காரணம் தேடுவதும் இயல்பு. ஆனால் ஊசிக்குப் பிறகு நடந்ததா, ஊசியால் நடந்ததா என்பதை ஒருவருடைய கதையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. போட்டவர்களில் எத்தனை, போடாதவர்களில் எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

சரி, ஏன் கர்ப்பத்திலேயே போட வேண்டும், பிள்ளை பெற்ற பிறகு போட்டால் என்ன என்றாள் சித்தி மகள். நல்ல கேள்வி.

பச்சைக் குழந்தைக்கு ஊசி போட்டு அதன் உடம்பே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க நாள் பிடிக்கும். நம் அரசு அட்டவணையில் கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், டெட்டனஸ் எல்லாம் சேர்ந்த ஊசி ஆறாவது வாரத்தில்தான் ஆரம்பிக்கிறது, பத்து, பதினாலு என்று மூன்று முறை. அதுவரை அந்தக் குழந்தைக்கு இருப்பதெல்லாம் அம்மா கொடுத்து அனுப்பியதுதான். அம்மாவின் ரத்தத்தில் இருக்கும், கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிகளில் ஐஜிஜி என்ற வகையை நஞ்சுக்கொடி தானே பிடித்து இழுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடத்துகிறது, கடைசி மூன்று மாதத்தில் மிக வேகமாக. நிறை மாதத்தில் பிறக்கிற குழந்தையின் ரத்தத்தில் பல நேரம் அம்மாவிடம் இருப்பதைவிட அதிகமாக இருக்கும். ஊசி மருந்து குழந்தைக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மருந்து அம்மாவின் புஜத்திலும் பக்கத்து நெறிக்கட்டிகளிலும் வேலையை முடித்துக்கொள்கிறது, அங்கே உருவான ஆன்டிபாடிதான் பயணம் போகிறது.

டெட்டனஸை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிரசவத்தில் சுத்தமில்லாத பிளேடிலோ அரிவாளிலோ தொப்புள்கொடியை அறுப்பார்கள், சில ஊர்களில் அந்தப் புண்ணில் சாணம் அல்லது சாம்பல் வைப்பார்கள். குழந்தை முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடிக்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகு ஒரு நேரத்தில் முலைக்காம்பை வாயில் வைத்தால் சப்பாது, தாடை திறக்காது. அப்புறம் தொட்டாலே, சின்னச் சத்தம் கேட்டாலே உடம்பு வில்லாக வளைந்து விறைக்கும். 1988ல் உலகம் முழுவதும் சுமார் 7,87,000 பச்சைக் குழந்தைகள் இப்படி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 2018ல் அது 25,000. இந்தியா 2015ல் தாய்சேய் டெட்டனஸை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது, அதாவது ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு. இதில் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கும் சுத்தமான பிளேடுக்கும் பெரிய பங்கு உண்டு, எல்லாப் புகழையும் ஊசிக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் பிளேடு கெட்டிருந்த இடத்திலும் குழந்தையைக் காத்தது அம்மாவின் ஊசி.

இப்போது அரசு மருத்துவமனையில் போடுவது பழைய டிடி (TT) அல்ல. அது டெட்டனஸுக்கு மட்டும். புதிய டிடியில் (Td) தொண்டை அடைப்பானுக்கும் சேர்ந்திருக்கிறது. பெயர் காதுக்கு ஒன்றுபோலவே கேட்பதால் மாறியதே நிறையப் பேருக்குத் தெரியாது. கர்ப்பம் உறுதியானதும் முதல் ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது. மூன்று வருஷத்துக்குள் முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டிருந்தால் இந்த முறை ஒன்றே போதும்.

கக்குவான் இருமலுக்கு இங்கிலாந்தின் கதையைச் சொன்னால் போதும். 2012ல் அங்கே அந்த இருமல் திடீரென்று பெருகி, ஊசியால் முழுப் பாதுகாப்புக் கிடைக்கும் வயதுக்கு வராத 14 கைக்குழந்தைகள் இறந்தன. அந்த அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். அவசரமாக ஆரம்பித்த திட்டம், அதனால் பயப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊசி போட்ட 20,074 பெண்களின் மருத்துவப் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்தார்கள், பிள்ளை வயிற்றில் இறப்பது கூடவில்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நோயைத் தடுத்தது கிட்டத்தட்ட 91 சதவீதம்.

எல்லா ஊசியும் கர்ப்பத்தில் போடலாமா? இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்யும் ஊசிகளைக் கர்ப்பத்தில் போடுவதில்லை. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றும் சேர்ந்தது, அப்புறம் சின்னம்மை ஊசி, இவை அந்த வகை. ரூபெல்லா கிருமி கருவின் கண், காது, இதயத்தைக் கெடுக்கக்கூடியது. 1964-65ல் அமெரிக்காவில் பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் அப்படிப் பாதிக்கப்பட்டுப் பிறந்தன. அதனால் ஊசியில் இருக்கும் பலவீனமான கிருமியிலும் எச்சரிக்கை. கல்யாணத்துக்கு முன்போ பிள்ளைக்குத் திட்டமிடும் முன்போ அதைப் போட்டு ஒரு மாதம் பொறுப்பது நல்லது. தெரியாமல் போட்டுக்கொண்ட பிறகு கர்ப்பம் என்று தெரிந்தவர்கள் பதறி கர்ப்பத்தைக் கலைத்துவிடக் கூடாது, அப்படிப் போட்டுக்கொண்டவர்களைப் பல வருஷம் பதிவு செய்து பார்த்ததில் ஒரு குழந்தைக்கும் அந்த ரூபெல்லாக் குறைபாடுகள் வரவில்லை.

இன்னொன்று நம் தெருக்களுக்கு ரொம்ப முக்கியம். கர்ப்பிணியை நாய் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். மாசமாக இருக்கிறாளே, பிரசவம் ஆகட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை, அந்த ஊசியைக் கர்ப்பத்தில் தாராளமாகப் போடலாம்.

நான் ஊசிக்கு வக்காலத்து வாங்குவது போல இருந்தால், மறுபக்கத்தில் உண்மையாக இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண்களின் சந்தேகத்துக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1957 முதல் 1961 வரை மசக்கைக்கும் தூக்கத்துக்கும் என்று விற்ற தாலிடோமைடு மாத்திரையால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தன. அதற்குப் பிறகு மருந்துச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே பயந்தார்கள். பாதுகாப்பதாக நினைத்துச் செய்ததுதான், ஆனால் விளைவு என்ன? கோவிட் ஊசி வந்தபோது முதல் சோதனைகளில் கர்ப்பிணிகள் இல்லை, அதனால் 2021 ஜனவரியில் இந்தியாவில் கர்ப்பிணிகளுக்குப் போட வேண்டாம் என்றார்கள். அனுமதி வந்தது ஜூலை 2ல். ஏப்ரலும் மே மாதமும் நாம் எதைக் கடந்து வந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். அந்த அலையில் மாசமாக இருந்த பெண்கள் பாதுகாப்பில்லாமல் கிடந்தார்கள். ஆபத்து என்று ஆதாரம் இல்லை, ஆனால் ஆபத்து இல்லை என்றும் யாரும் பார்த்துவைக்கவில்லை. இந்த இரண்டும் ஒன்று இல்லை, எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு.

தேடும்போது சில நேரம் நிஜமாகவே ஏதாவது கிடைக்கும். 2017ல் சிடிசி பணம் கொடுத்து நடந்த ஓர் ஆய்வில், அடுத்தடுத்த இரண்டு வருஷம் பன்றிக்காய்ச்சல் கிருமி சேர்ந்த ஃப்ளூ ஊசி போட்ட பெண்களிடம், ஊசிக்குப் பிறகு 28 நாளுக்குள் கரு கலைவது அதிகமாகத் தெரிந்தது. மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் ஆட்கள் ரொம்பக் குறைவு, அதனால் பெரிய எண்ணிக்கையில் திரும்பப் பார்த்தார்கள், இரண்டாவது முறை அந்தத் தொடர்பு தெரியவில்லை. இன்னொரு கதை வேறு மாதிரி முடிந்தது. கைக்குழந்தைகளுக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரும் ஆர்எஸ்வி கிருமிக்கு ஜிஎஸ்கே நிறுவனம் கர்ப்பிணிகளிடம் ஓர் ஊசியைச் சோதித்தது. போட்டவர்களில் குறைப்பிரசவம் 6.8 சதவீதம், போடாதவர்களில் 4.9. 2022 பிப்ரவரியில் சோதனையை நிறுத்திவிட்டார்கள், அந்த ஊசி கர்ப்பிணிகளுக்கு வரவே இல்லை. ஃபைசரின் இதே வகை ஊசியில் வித்தியாசம் சிறிது, 5.7க்கு 4.7, தற்செயலாகவும் வரக்கூடிய அளவு. இருந்தாலும் 2023ல் அமெரிக்காவில் அனுமதி கொடுக்கும்போது 32 முதல் 36 வாரத்துக்குள் மட்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். எனக்கு நம்பிக்கை தருவது இந்த இரண்டு கதைகளும்தான். எண் சரியில்லை என்றால் நிறுத்துகிறார்கள்.

டாக்டர்களும் அரசுகளும் எப்போதும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதும் உண்மை. 2025 மே மாதம் அமெரிக்க சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியர், ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்குக் கோவிட் ஊசி இனிப் பரிந்துரை இல்லை என்றார். அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் நாங்கள் தொடர்ந்து பரிந்துரைக்கிறோம் என்றது. இப்படி இரண்டு பெரிய இடங்கள் முரண்படும்போது சாதாரண ஆளுக்குத் தலை சுற்றும். அப்போது நான் பார்ப்பது யார் சொல்கிறார்கள் என்பதைவிட, எத்தனை பேரை எவ்வளவு நாள் பார்த்து, யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்பதைத்தான்.

சித்தி மகளுக்குக் கடைசியாக ஒரு கவலை, காய்ச்சல் வந்தால் குழந்தைக்கு ஆகாதாமே என்று. அதில் உண்மை இருக்கிறது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அதிகக் காய்ச்சலை விட்டுவைப்பது நல்லதில்லை, ஊசியால் வந்தாலும் சரி, நோயால் வந்தாலும் சரி. டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். முன்பு ஏதாவது ஊசிக்கு உடம்பு தடித்து மூச்சு இழுத்திருந்தால் அதை முதலிலேயே நர்சம்மாவிடம் சொல்லிவிடு என்றும் சொன்னேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு மெசேஜ் வந்தது. இடது கையில் போட்டார்களாம், அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்களாம், சாயங்காலம் புஜம் வலிக்கும் என்று நர்சம்மா சொன்னாராம். கூடவே தாய்சேய் அட்டையின் படம், முதல் ஊசிக்கு நேரே அன்றைய தேதி, இரண்டாவதுக்கு நேரே நான்கு வாரம் தள்ளிப் பென்சிலில் ஒரு தேதி. குடும்பக் குழுவிலும் அவள் ஒரு வரி எழுதியிருந்தாள், அந்தப் படத்தைப் போட்ட மாமாவுக்கு: "மாமா, இது எத்தனை பேர்ல 82?" மாமா இன்னும் பதில் போடவில்லை.